பூனைக்கு மாட்டு டாக்டர்

போன ஞாயித்துக்கிழமை காலையில சௌரஸ்தா மார்க்கெட்டுப் பக்கத்துக் கோப்பிக் கடையில உக்காந்து, கோப்பி-ஓவைச் சாசர்ல ஊத்தி ஆத்திக்கிட்டிருக்கேன். என் தங்கச்சி பேரன் வந்து எதிர்ல உக்காந்தான். பாயான் லெப்பாஸ்ல சிப்பு பண்ற கம்பெனியில பெரிய உத்தியோகம். (சிப்புன்னதும் மரவள்ளிக்கெழங்கு சிப்ஸ்னு நெனச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். அது தனிக் கதை.) ராத்திரி தூங்காத மொகம். என்னடா, வீட்டுல சண்டையான்னு கேட்டா, "பிரின்ஸ் நேத்து முழுக்கச் சாப்பிடலை தாத்தா. ராத்திரி பத்தரை மணிக்கு மூணு கிளினிக் வாசல்ல போய் நின்னேன். மூணும் பூட்டு"ங்கறான்.

பிரின்ஸ்ங்கறது பூனை. ரெண்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்குனது. மூக்கு உள்ளே அமுங்கி, கண்ணாடிக் கதவு தெரியாம ஓடிப்போய் முட்டிக்கிட்ட மாதிரி ஒரு மொகம். மூச்சு விட்டாலே கொறட்டை. அந்த வெலைக்கு மூக்கையும் சேத்துக் கேட்டிருக்கலாமேடான்னு வாங்குன அன்னைக்கே சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"காலையிலதான் விஷயம் தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரெண்டு நாளா அவிச்ச கோழி போட்டிருக்காங்க. அதான் வீட்டுச் சாப்பாடு எறங்கலை."

நல்லதாப் போச்சு. பூனை கோழி தின்னுச்சு, இவனுக்குப் புத்தி வந்துச்சு. ஹேண்ட்போனை மேசையில வெச்சுக்கிட்டுக் கேட்டான்: "தாத்தா, பினாங்குல எந்தக் கிளினிக் நல்ல கிளினிக்? நீங்கதான் மாடு கன்னெல்லாம் பாத்தவராச்சே."

எழுவத்தெட்டு வயசுல ஒருத்தன் தேடி வந்து யோசனை கேக்கறான். அதை லேசுல விட்டுடலாமா?

"மொதல்ல ஏர்கோனைப் பாரு"ன்னேன். "உள்ளே நொழஞ்சதும் பல்லு கிடுகிடுன்னு ஆடணும். அப்புறம் சோபா. பூனை படுத்தா எந்திரிக்க மனசு வராத சோபாவா இருக்கணும். சுவத்துல வெளிநாட்டு நாய்ப் படம் நாலு. மூலையில கோப்பி மெஷினு. பூனைக்குப் பொறந்த நாள்னா கேக்கு வெட்டிப் படம் பிடிச்சுப் போடற இடமாப் பாத்துக்கோ."

அவன் ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் குறிச்சுக்கிறான். சிப்பு பண்றவன் சாமி!

"டாக்டரு?"ன்னான்.

"டாக்டரா? இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

அப்பத்தான் நிமிந்து பாத்தான்.

இந்தத் தொழிலுக்கு நம்ம சனங்க வெச்ச பேரே மாட்டு டாக்டர்தான். பூனையைத் தூக்கிக்கிட்டுப் போனாலும் மாட்டு டாக்டர், முயலைத் தூக்கிக்கிட்டுப் போனாலும் மாட்டு டாக்டர். பேருல என்ன தப்பு? இந்த நாட்டுல அரசாங்கக் கால்நடை இலாகா 1888-ல ஆரம்பிச்சது, அதுவும் இந்தப் பினாங்குலதான். மாடும் குதிரையும் படுத்துக்கிட்டா ஊர்ல ஒரு சக்கரம் சுத்தாத காலம். பிரின்ஸ் மாதிரி ராசாக்களுக்கு அப்ப யாரும் சீட்டு எழுதலை. உள்ளூர்லயே மிருக வைத்தியம் படிக்க செர்டாங்குல எடம் வந்தது 1970-களோட தொடக்கத்துல. அதுக்கு முந்தி நம்ம புள்ளைங்க அந்தப் படிப்புக்குக் கடல் தாண்டணும். கடலுக்கு அந்தப் பக்கம், சென்னை வேப்பேரியில 1903-லேர்ந்து கால்நடைக் கல்லூரி நடக்குது.

எங்க காலத்துத் தோட்டத்துல இதெல்லாம் ஏது? இந்தத் தீவுக்கு எதிர்க்கரையில, பால்மரத் தோட்டத்து லயத்துல பொறந்தவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு டிரசர். தலைவலின்னா ஒரு செவப்புத் தண்ணி கொடுப்பாரு. வயித்துவலின்னாலும் அதே செவப்புத் தண்ணி. மாடு படுத்துக்கிட்டா அவருகிட்டத்தான் ஓடுவோம். அதே தண்ணியை மூங்கில் குழாயில ஊத்தி, மாட்டுத் தலையை அண்ணாத்திப் பிடிச்சு எறக்குவாரு. மனுசனுக்கு ஒரு மடக்கு, மாட்டுக்கு ஒரு போத்தல், வித்தியாசம் அவ்வளவுதான். பொழச்ச மாடும் உண்டு. பொழச்சதை மட்டும் ஊரு ஞாபகம் வெச்சுக்கும். அதனாலதான் அவருக்கு அம்மாம் பேரு. இந்த டிரசரை மறந்துடாத, கடைசியில வர்றாரு.

எங்கப்பா நாமக்கல் பக்கத்துக்காரரு. கப்பலேறி வர்றதுக்கு முந்தி சந்தையில மாட்டுத் தரகு பாத்தவரு. மாட்டைப் பாத்தா மொதல்ல சுழி பாப்பாரு, அப்புறம் பல்லைப் பிடிச்சுப் பாப்பாரு, அப்புறம் நடக்க விட்டு, பின்னங்காலு எங்கே விழுதுன்னு பாப்பாரு. தானங்கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. காசு கொடுத்துப் போற எடத்தைத் தாராளமாப் பாக்கலாம்.

"கிளினிக்குக்கும் சுழி உண்டுடா"ன்னேன்.

நெத்திச் சுழி சுவத்துல இருக்கும். 1974-லயே இங்க கால்நடை மருத்துவருக்குன்னு சட்டம் போட்டாச்சு. மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்துல பேரு பதிஞ்சிருக்கணும். அது போதாது, வருஷா வருஷம் தொழில் நடத்தற சான்றிதழைப் புதுப்பிக்கணும். பெரும்பாலும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பாங்க. கிட்டப் போய் வருஷத்தைப் படி. மாட்டலையா, கேளு. வெக்கப்படாத. நல்ல டாக்டரு சந்தோஷமா எடுத்துக் காட்டுவாரு. மொறைச்சா அதுவே ஒரு சுழி. வெள்ளைக் கோட்டு எந்தக் கடையிலயும் கிடைக்கும் தம்பி. பூனை விக்கிற கடைக்காரன், "ஊசியும் நானே போட்டுடறேன், டாக்டருக்கு எதுக்கு தண்டம்"னு சொன்னா, அப்படியே பின்னங்கால் பிடரியில பட வந்துடு. முடி வெட்டறவன் அப்பெண்டிக்ஸை வெட்டறேன்னா விடுவியா?

"அதெல்லாம் சரி தாத்தா, இதுக்கு நாலே முக்கால் நட்சத்திரம் போட்டிருக்கு"ன்னு ஹேண்ட்போனைத் திருப்பிக் காட்டினான்.

இருபத்தேழு நட்சத்திரம் எனக்குத் தெரியும். நாலே முக்காலாவது எது, ரோகிணியா, பாதம் முடியப்போறதா? அவனுக்குச் சிரிப்பு வரலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானே படிச்சேன். அஞ்சு நட்சத்திரம் போட்டவனெல்லாம் "நல்ல சேவை, நன்றி"ன்னு ஒரே வரி. அதுல என்ன தெரியும்? கல்யாண வீட்டுல எல்லாரும் சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லிட்டுப் போவாங்க. திட்டினவனைப் படி. இவன் காட்டின எடத்துல ஒரு நட்சத்திரம் போட்டு ஒருத்தன் அரைப் பக்கம் வஞ்சிருக்கான். கடைசி வரைக்கும் படிச்சா, காடி நிறுத்த எடமில்லையாம். ஜார்ஜ் டவுன்ல காடி நிறுத்த எடம் கிடைச்சா அதுக்கே தண்ணீர்மலையில தேங்கா ஒடைக்கணும், இதுக்கு டாக்டரு என்ன பண்ணுவாரு? ஆனா இன்னொருத்தி எழுதியிருந்ததை அவனையும் படிக்கச் சொன்னேன். ஆப்பரேஷனுக்கு விட்ட நாயைப் பத்தி மூணு நாளு யாரும் போன் எடுத்துச் சொல்லலையாம். அதுக்குக் கிளினிக்காரங்க என்ன பதில் போட்டிருக்காங்கன்னு பாத்தோம். "உங்கள் கருத்துக்கு நன்றி." அவ்வளவுதான். அதுதான் பாக்க வேண்டிய சுழி.

வெலை பேசறதுக்கு வருவோம். சந்தையில தரகரு எப்படிப் பேசுவாரு தெரியுமா? ரெண்டு பேரு கையையும் துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ளே வெரலைப் பிடிச்சே வெலை முடிஞ்சுடும். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு காசு கணக்குத் தெரியாது. எங்கப்பா அந்த வித்தையில கெட்டிக்காரரு. சில கிளினிக்கும் அந்த வித்தையில கெட்டிதான். உள்ளே போறப்ப ஊசிக்குன்னு ஒரு காசு சொல்வாங்க. வர்றப்ப பாத்தா ரத்தம், எக்ஸ்ரே, சொட்டுத் தண்ணி, ராத்திரிக் கட்டணம், கழுத்துல மாட்டற பிளாஸ்டிக் கூம்புன்னு, நாசி கண்டார் கடையில 'பஞ்சிர்'னு சொன்னா எல்லாக் கறியையும் சோத்து மேல ஊத்துவாங்களே, அப்படி வந்து நிக்கும். ஒண்ணொண்ணும் தேவையாவே இருக்கலாம். தேவையில்லைன்னு சொல்ற அளவுக்கு நான் படிக்கலை. ஆனா முன்னாடியே தாளுல எழுதிக் கேளு: குறைஞ்சது எவ்வளவு ஆகும், மேல போனா எவ்வளவு, எதைத் தாண்டினா எனக்குப் போன் பண்ணுவீங்க. காசு இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. ரெண்டு வழி இருந்தா ரெண்டையும் எடுத்துச் சொல்ற டாக்டரு கிடைச்சா கெட்டியாப் பிடிச்சுக்கோ. மலிவு தேடறேன்னு ஊரைச் சுத்தாத. அஞ்சு வெள்ளி மிச்சம் பிடிக்கப் பாலம் தாண்டிப் போய் பதினஞ்சு வெள்ளிக்கு எண்ணெ போட்ட சாமர்த்தியசாலி ஒருத்தன் எதிர்ல உக்காந்திருக்கறவன்தான். அது பூனைக்கு இல்லே, டயருக்கு. இருந்தாலும் புத்தி ஒண்ணுதானே.

இவ்வளவும் சொல்லிட்டேன், அவன் முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டான். முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்லை.

போன வருஷம் எங்க தாமான்ல ஒரு கிழட்டு நாயி. கருப்பன்னு பேரு. தெருவுக்கே பொதுவான நாயி, யாரு வீட்டுதுன்னு கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, செத்தா மட்டும் எல்லாரும் அழுவாங்க, அந்த வகை. சோந்துபோய்ப் படுத்துக்கிச்சு. பக்கத்து வீட்டுப் பையன் காடியில ஏத்தினான், நானும் கூடப் போனேன். சின்னக் கிளினிக். சோபா கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனா நாயிங்க ஒரு பக்கம், பூனைக்கூடைங்க தட்டிக்கு அந்தப் பக்கம். சின்ன வயசுச் சீனப் பொண்ணு, அவதான் டாக்டரு. வந்தவ மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கலை, நேரா வந்து தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. கருப்பனை நேராப் பாக்கவே இல்லை. கையை மட்டும் கீழ நீட்டி மோந்து பாக்க விட்டா. அவன் மோந்தான், பேசாம இருந்தான். அப்புறந்தான் தொட்டா. ஒதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவெரலால ஒரு அமுக்கு, எடுத்துட்டு எண்ணினா. வெளுத்த எடம் ரெண்டு எண்றதுக்குள்ள திரும்பச் செவக்கணுமாம். செவக்கலை, ஈறே வெள்ளைத்தாள் மாதிரி இருந்துச்சு. பிடரித் தோலை இழுத்து விட்டுப் பாத்தா. காதுக்குள்ள, கால்வெரல் இடுக்குல உண்ணி தேடினா. வயித்தை ரெண்டு கையாலயும் மாவு பெசையற மாதிரி அமுக்கிக்கிட்டே, "அங்கிள், மாக்கான் அப்பா? பெராக் மாச்சாம் மானா?"ன்னா. என்ன தின்னுச்சு, வெளிக்கி எப்படிப் போச்சுன்னு. பொறத்தால சூடு பாத்தா. எடை போட்டா. எங்க மூணு பேர்ல யாருக்கும் தெரியாத ஒண்ணு அந்த எடை. மருந்து அளவே அதுலதான் இருக்காம். எல்லாம் முடிஞ்சு ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துக்கிட்டுப் போயி, திரும்பி வந்து, உண்ணிக் காய்ச்சல்னா.

எங்கப்பா மாட்டைத் தொடறதைப் பாத்தவன் நான். அந்தக் கை எனக்குத் தெரியும். அதைத்தான் பாக்கணும் பேராண்டி. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, பூனையைக் கூடையை விட்டு எறக்காம மருந்து எழுதற கையா, இல்லே அஞ்சு நிமிஷம் தடவிப் பாத்துட்டு எழுதற கையா? பேச்சு வராத நோயாளிகிட்ட கைதான் கேள்வி கேக்கணும்.

இன்னொண்ணும் உண்டு. "இது எனக்குத் தெரியலை, செர்டாங் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சீட்டு எழுதித் தர்றேன்"னு சொல்ற டாக்டரைக் கண்டா, நாலஞ்சு மணி நேரம் காடி ஓட்டணுமேன்னு சலிச்சுக்காத. தெரியாததைத் தெரியலைன்னு சொல்றதுக்கு நெஞ்சு வேணும். எங்க டிரசருக்கு அது கடைசி வரைக்கும் வரலை.

நம்ம வீட்டுச் செவலைக்கு (பாசார்ல தானா வந்து ஒட்டிக்கிட்டது, இந்தக் காலத்துப் புள்ளைங்க செவலைப் பூனையைக் கண்டா 'ஓயேன்'னு கூப்பிடுதுங்க) ரெண்டு வருஷத்துக்கு முந்தி மூக்குல ஒரு புண்ணு. ஆறவே இல்லை. தூக்கிக்கிட்டுப் போனப்ப அந்த டாக்டரு பூனையைப் பாக்கறதுக்கு முந்தி என் கையைப் பாத்தாரு. முழங்கையில கொப்புளம் மாதிரி ஒரு கட்டி. "பிறாண்டுச்சா?"ன்னாரு. பூனையோட நகத்துலேர்ந்து மனுசனுக்கு ஒட்டற ஒரு பூஞ்சைக்காளான் நோவாம், ஸ்போரோட்ரிகோசிஸ்னு வாயில நொழையாத பேரு. இந்த நாட்டுப் பூனைங்களுக்கு வர்றதுதானாம். கையுறை போட்டுக்கிட்டாரு, என்னை மனுச டாக்டருகிட்ட அனுப்பினாரு, மருந்து மாசக்கணக்குல கொடுக்கணும், புண்ணு ஆறிட்டாலும் நடுவுல நிறுத்தாதீங்கன்னு கண்டிப்பாச் சொன்னாரு. ரெண்டு பேரும் மருந்து தின்னோம். செவலைதான் அடம் பிடிக்காம முழுங்குச்சு.

"ராத்திரிதான் தாத்தா பிரச்சினை"ன்னான். ஆமா, அவன் வந்ததே அதுக்குத்தானே.

'24 மணி நேரம்'னு பலகை போட்டிருந்தா அதோட விட்டுடாத. ராத்திரி டாக்டரு உள்ளேயே இருப்பாரா, வீட்டுலேர்ந்து வருவாரா? சேத்துக்கிட்ட மிருகத்தை விடிய விடியப் பாக்கறது யாரு, டாக்டரா, ஜாகாவா? இதைக் கேட்டா சில எடத்துல மொகம் மாறும். மாறட்டும். உன் பூனை ஆம்பளைப் பூனை. என்னைக்காவது மண்ணுத் தட்டுல போய்ப் போய் உக்காந்து முக்கும், ஒரு சொட்டு வராது. மலச்சிக்கல்னு நெனச்சுக்கிட்டுப் பப்பாளிப் பழம் ஊட்டிக்கிட்டிருக்காத. மூத்திர வழி அடைச்சிருக்கும். காலையில பாத்துக்கலாம்ங்கற வேலையே கிடையாது, ஒண்ணு ரெண்டு நாளுல உசிரு போயிடும். வாயைத் தொறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். அது நேரங்காலம் பாத்தா வரும்? தைப்பூசத்துக்கு முந்தின நாளு, வெள்ளி ரதம் லெபோ பினாங்குலேர்ந்து தண்ணீர்மலைக்குக் கெளம்பி, போற வழியெல்லாம் தேங்கா ஒடைஞ்சு, ரோடெல்லாம் அடைச்சுக் கெடக்கறப்பத்தான் வரும். இல்லேன்னா சீனப் பெருநாள் எட்டாம் நாளு ராத்திரி, சியூ ஜெட்டி பக்கம் பட்டாசு வெடிச்சு, இந்தத் தீவு நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில பதுங்கியிருக்கறப்ப வரும். அதனால பூனை சொகமா இருக்கறப்பவே ஒரு நாளு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த நம்பருக்கு அடிச்சுப் பாரு. யாரு எடுக்கறாங்க, எங்கே போகச் சொல்றாங்கன்னு கேட்டுச் சீட்டுல எழுதி, ஐஸ்பெட்டி மேல ஒட்டு. பொண்ணு பாக்கப் போறவன் தாலி கட்டற அன்னைக்கா விசாரிப்பான்?

"அப்ப தடுப்பூசிக்கே இப்பப் போயிடலாமா?"

அதான் சாக்கு. ஊசி போடற சாக்குல போயி எடத்தைப் பாத்துட்டு வந்துடலாம். தடுப்பூசின்னா நம்ம ஊருக்கு ஞாபகம் 2015. அந்த வருஷம் வெறிநாய் நோவு பெர்லிஸ், கெடா, பினாங்குன்னு மூணு எடத்துலயும் தலை காட்டுச்சு. அது ஒழிஞ்ச நாடுன்னு பேரு வாங்கிக் கொஞ்ச வருஷந்தான் ஆகியிருந்துச்சு. தெருநாயிங்களைக் கொல்லச் சொல்லி மாநில அரசாங்கம் உத்தரவு போட, கூடாதுன்னு பிராணி நேசக்காரங்க எதுத்து நிக்க, ஊரு ரெண்டுபட்டுது. அதுவரைக்கும் நாயைக் கேட்டு வாசல்ல கட்டிப் போட்டு மீந்த சோத்தை வீசினவனெல்லாம், அந்த வாரம் நாயைக் கையில ஏந்திக்கிட்டுக் கிளினிக் தேடி ஓடினதை நான் கண்ணால பாத்தேன். ஒருத்தனுக்குத் தன் நாயோட வயசு தெரியலை. இன்னொருத்தனுக்கு அது ஆணா பொண்ணான்னே தெரியலை. டாக்டரு தூக்கிப் பாத்துச் சொன்னாரு.

கருத்தடை பண்ணியாச்சான்னு கேட்டேன். நெளிஞ்சான். ராச வம்சமாம், வாரிசு வேணுமாம். ஜெலுத்தோங்குல ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங் போயி, எஸ்.பி.சி.ஏ. எடத்துல கூண்டுக்குள்ள இருக்கற வாரிசுங்களைப் பாத்துட்டு வந்து பேசுன்னேன். இந்த ஜார்ஜ் டவுன் சுவத்துல 2013-ல பூனைப் பூனையா வரைஞ்சு வெச்சாங்களே, தெருமிருகங்களை நெனச்சுப் பாருங்கன்னு. சுத்துலாக்காரங்க அந்தப் பூனையோட நின்னு படம் பிடிச்சுக்கிட்டிருக்கறப்ப, காலுக்கடியில நெசப் பூனை ஒண்ணு பசியில கத்திக்கிட்டு நிக்கும். மிதிச்சவன்கூட உண்டு. இப்ப சட்டம் இருக்கு, மிருகத்தை வதைச்சா இருபதாயிரம் வெள்ளியிலேர்ந்து லட்சம் வெள்ளி வரைக்கும் தண்டம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்.

உன் பூனை சப்பை மூக்கு வேற. மயக்க மருந்து கொடுத்தா அந்த மூஞ்சிக்கு மூச்சு தெணறும். ரத்தம் பாத்துட்டுத்தான் மயக்கம் கொடுப்பீங்களா, குழாய் போடுவீங்களா, தெளியற வரைக்கும் பக்கத்துல ஆளு இருக்குமான்னு கேட்டுக்கோ. எத்தனை மணியிலேர்ந்து பட்டினி போடணும்னும் அவங்ககிட்டயே கேளு. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டயும் சொல்லி வை.

கோப்பி ஆறிப்போச்சு. இன்னொண்ணு சொன்னேன், கடைக்காரன் கொண்டாந்து வெச்சான்.

"டாக்டரு உன்னைப் பாத்து என்ன கேப்பாருன்னு யோசிச்சியா?"ன்னேன். முழிச்சான். மாட்டுக்குச் சுழி பாத்தாச்சு, தரகருக்குச் சுழி பாத்தாச்சு. ஓட்டிக்கிட்டு வந்தவனுக்குச் சுழி பாக்க யாரு இருக்கா?

நம்ம வீட்டுப் பாட்டி, என் சம்சாரம், ஒரு வெள்ளைப் பூனை வளத்தா. வெள்ளச்சி. உனக்கு ஞாபகம் இருக்காது, பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளு சாயங்காலம் ஒடம்பு அனலாக் கொதிச்சுது. பாட்டி கோயிலுக்குப் போயிருந்தா. நான்தான் பெரிய மாட்டு வைத்தியனாச்சே. மனுசனுக்குக் காய்ச்சல்னா என்ன கொடுப்போம்? பாரசிட்டமால். அரை மாத்திரையை ஒடைச்சு, தயிர்ல கொழைச்சு, வாயைப் பிளந்து உள்ளே விட்டேன். மனுசனுக்கு ஒண்ணு, பூனைக்குப் பாதி. எங்க டிரசர் மாதிரியே கணக்கு.

பூனையோட ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி கிடையாது தம்பி. அரை மாத்திரையே அதுக்கு நஞ்சு. எனக்கு அது தெரியாது. விடியறதுக்குள்ள மொகம் வீங்கிப்போச்சு. ஈறு செவப்பு மாறி, கோப்பி கலந்த மாதிரி பழுப்பாயிடுச்சு. பாட்டி பதறிக்கிட்டுக் காடி பிடிச்சா. டாக்டரு ஈறைப் பாத்ததும் நிமிந்து என்னைப் பாத்தாரு. "வீட்டுல ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?"

"ஒண்ணும் கொடுக்கலையே"ன்னேன்.

வையலை அவரு. நல்ல மனுசன். கொஞ்ச நேரம் கழிச்சு, தன்மையாத்தான், மறுபடியும் கேட்டாரு. "காய்ச்சல் மாத்திரை ஏதாவது? நெனச்சுப் பாருங்க, அதுக்கு மாத்து மருந்து இருக்கு." பாட்டி பக்கத்துல நிக்கறா. இத்தனை வருஷம் அவகிட்ட, ஊருகிட்ட, எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும்னு அளந்தவன் நான். "இல்லை"ன்னேன். ரெண்டாவது தடவையும் இல்லைன்னேன்.

மத்தியானம் செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து, மாத்திரை அட்டையில மீந்திருந்த அந்தப் பாதியைப் பாட்டி பாத்தா. எடுத்துக் குப்பையில போட்டா. ஒண்ணும் கேக்கலை. கடைசி வரைக்கும் கேக்கலை.

பேரன் ஹேண்ட்போனைக் கவுத்து வெச்சுட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மீன் லோரி ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு.

"நேத்து ராத்திரி நீ ஏதும் கொடுக்கலையே?"ன்னு கேட்டேன்.

"இல்லை தாத்தா." நிறுத்தினான். அப்புறம், "ஆன்ட்டி வீட்டு நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைக் கழுத்துல ரெண்டு சொட்டு விடலாமான்னு பாத்தேன். விடலை."

நாய்க்குப் போடற சில உண்ணி மருந்து பூனைக்கு வலிப்பு வரவெச்சுக் கொன்னுடும். அதைச் சொன்னேன். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடறேன்னான். பின்ன, "சனிக்கிழமை கிளினிக் பாக்கப் போறப்ப நீங்களும் வர்றீங்களா?"ன்னான்.

வர்றேன். பூனையை மடியில வெச்சுக்கிட்டு வராத, மேல் மூடி தொறக்கற கூடையில வெச்சு, துண்டைப் போட்டு மூடிக் கொண்டா. ஊசி அட்டை, என்ன சாப்பாடு, எத்தனை வேளை, ஆன்ட்டி போட்ட கோழி உள்பட எல்லாத்தையும் எழுதிக்கிட்டு வா. பார்க்கிங் காசு உன்னோடது.